பெலெனென்செஸ் சாகவில்லை: தமிழில் கால்பந்து எழுதுவோருக்குத் திறந்த மடல்

தமிழ் இதழ்களின் விளையாட்டுப் பக்க ஆசிரியர்களுக்கும் யூடியூபில் கால்பந்து பேசுகிற நண்பர்களுக்கும்,

உங்களில் ஒருவருடைய தளத்தில் அண்மையில் ஐரோப்பாவின் அழிந்துபோன கிளப்கள் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அதில் லிஸ்பனின் பெலெனென்செஸுக்கு நான்கு பத்தி ஒதுக்கியிருந்தார்கள். ஒரு காலத்தில் போர்ச்சுகல் சாம்பியனாம். 2021-ல் ஒன்பது பேரோடு இறங்கிப் பென்ஃபிகாவிடம் ஏழு கோல் வாங்கி ஊர் சிரிக்க நின்றதாம். 2022-ல் முதல் டிவிஷனிலிருந்து விழுந்ததாம். அத்தோடு கதை முடிந்ததாம். கட்டுரையின் தலையில் நீல நிறத்தில் சிலுவை போட்ட எங்கள் சின்னம், அதன் கீழே அந்த ஒன்பது பேரின் படம்.

தவறுகளைச் சுட்டி அந்த ஆசிரியருக்கு எழுதினேன். "நம்ம வாசகர்களுக்கு இவ்வளவு நுணுக்கம் தேவையில்லை, பெயர் ஒன்றுதானே" என்று பதில் வந்தது. வேறு இரண்டு இடங்களிலும் அதே கதை, அதே படத்தோடு கிடக்கிறது. ஒருவருக்குத் தனியாக எழுதிப் பயனில்லை என்று தெரிந்ததால்தான் இதை எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. வேலைக்காக லிஸ்பன் வந்தவன். செத்துப்போனதாக நீங்கள் எழுதிய கிளப்பில் நான் சந்தா கட்டுகிற உறுப்பினர். பொதுக்குழுவில் எனக்கு ஒரு ஓட்டு உண்டு. ரெஸ்தெலோ மைதானத்தில் ஆட்டம் இருக்கிற நாட்களில் கேலரியின் மேல்படியில் உட்கார்ந்தால் கீழே தேஜோ ஆறும் அதன் மேல் பாலமும் தெரியும். கிளப் இருக்கிறது. ஆடுகிறது. தோற்கவும் செய்கிறது, அதில் எந்தக் குறையும் வைக்கவில்லை.

முதலில் அந்த ஒன்பது பேர் விவகாரத்தை முடித்துவிடுகிறேன். 2021 நவம்பர் 27 அன்று ஜாமோரில் இருக்கும் தேசிய மைதானத்தில் பென்ஃபிகாவை எதிர்த்து ஆடியது, எங்கள் கிளப்பிலிருந்து 2018-ல் பிரிந்துபோன பெ-சாட் என்ற நிறுவனத்தின் அணி. ஒமிக்ரான் தொற்றால் அணியே படுத்துவிட்டது. மிஞ்சியவர்களைச் சேர்த்து ஒன்பது பேர் இறங்கினார்கள். அதில் ஒரு கோல்கீப்பர் வெளி ஆட்டக்காரராக ஓடிக்கொண்டிருந்தார். இடைவேளையில் 7–0. இடைவேளைக்குப் பிறகு ஏழு பேர்தான் திரும்பி வந்தார்கள். அவர்களிலும் ஒருவர் உட்கார்ந்துவிட, ஆட்டக்காரர் எண்ணிக்கை ஏழுக்குக் கீழே போனதும் நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். அந்தப் பையன்களைக் கேலி செய்ய எனக்கு மனம் இல்லை. அந்த ஆட்டத்தைத் தள்ளி வைக்காத பெரியவர்கள்தான் வெட்கப்பட வேண்டும். ஆனால் அன்றைக்கு எங்கள் கிளப்பின் சீனியர் அணி நான்காம் நிலையில் ஆடிக்கொண்டிருந்தது. ஜாமோரில் நடந்ததற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஒரு கிளப் எப்படி இரண்டு அணி ஆனது? போர்ச்சுகலில் தொழில்முறை லீக்கில் ஆட வேண்டுமானால் கிளப் தன் கால்பந்துப் பிரிவை ஒரு நிறுவனமாக்கி நடத்த வேண்டும். அதில் பங்கு நிறுவனமாக இருப்பதைச் சுருக்கமாக சாட் என்பார்கள். கிளப் என்பது உறுப்பினர்களுடையது. சாட் என்பது பங்கு வைத்திருப்பவர்களுடையது. 2012-ல் பெலெனென்செஸ் கடனில் மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. சாட்டின் பெரும்பான்மைப் பங்கை கோட்சிட்டி என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றார்கள். சும்மா சொல்லக்கூடாது, அதற்குப் பொதுக்குழுவும் சம்மதித்தது. இப்போது எல்லாப் பழியையும் முதலாளி மேல் போடுகிற உறுப்பினர்கள் சிலர் அன்று கை தூக்கியவர்கள்தான். அதை இங்கே பலரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை.

சில ஆண்டுகள் ஓடின. 2015–16 பருவத்தில் யூரோப்பா லீக் குழு ஆட்டம் வரை போனார்கள், ஃபியோரெண்டினா, பாசல் எல்லாம் எதிரணி. பிறகு உறவு கெட்டது. யார் யாருக்கு என்ன பாக்கி, எந்த ஒப்பந்தத்தை யார் முறித்தார் என்று வழக்கு மேல் வழக்கு. மைதானத்தைப் பயன்படுத்தும் உடன்படிக்கை 2018 ஜூன் 30-ல் முடிந்தது. சாட் தன் ஆட்டக்காரர்களையும் முதல் டிவிஷன் இடத்தையும் எடுத்துக்கொண்டு ஜாமோருக்குப் போனது. கிளப்பிடம் மிஞ்சியவை ரெஸ்தெலோ மைதானம், சின்னம், கோப்பைகள், உறுப்பினர்கள். சாட் எங்கள் பெயரையும் சிலுவையையும் பயன்படுத்தக்கூடாது என்று நீதிமன்றம் தடுத்தது. அவர்கள் வேறு சின்னம் வரைந்துகொண்டார்கள். பெ-சாட் என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

இந்த இடத்தில் உங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஸ்கோர் காட்டுகிற செயலிகளும் பல வெளிநாட்டு ஊடகங்களும் ஆண்டுக்கணக்கில் அந்த அணியைப் பெலெனென்செஸ் என்றே போட்டன. அதிலிருந்து எடுத்து எழுதினால் இந்தத் தவறு வரத்தான் செய்யும். சரி, ஒப்புக்கொள்கிறேன். சுட்டிக்காட்டிய பிறகும் திருத்த மாட்டேன் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. 2020-ல் மோகன் பகானின் பெயருக்கு முன்னால் ஏடிகே வந்து ஒட்டிக்கொண்டபோது கொல்கத்தா ரசிகர்கள் கொதித்ததை நீங்கள் எழுதினீர்கள். 2023-ல் அந்த எழுத்துகள் நீங்கியபோது அதையும் எழுதினீர்கள். கிளப்பின் பெயர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி உங்களுக்குப் புரியாதது இல்லை. லிஸ்பன் தூரம் என்பதால் அலட்சியம், அவ்வளவுதான்.

2018 ஆகஸ்ட், செப்டம்பரில் இங்கே இருந்தவர்களைக் கேளுங்கள். முதல் டிவிஷன் கிளப் ஒன்று, லிஸ்பன் மாவட்டப் போட்டியின் அடிமட்டத்தில், அதாவது ஆறாம் நிலையில், புதிதாக ஓர் அணி சேர்த்து ஆரம்பித்தது. எதிரணிகள் எல்லாம் பேட்டை அணிகள். செயற்கைப் புல், ஒருபக்கம் மட்டும் நான்கைந்து படிக்கட்டு, மறுபக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பு, பால்கனியில் துணி காயும். பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில் பன்றிக்கறி வைத்த பிஃபானா ரொட்டியும் பீரும் விற்பார்கள். அந்த மைதானத்துக்குள் எங்கள் ஆட்கள் நுழைந்தால் இடம் கொள்ளாது. தொண்ணூறு வயதை எட்டும் தாத்தாக்கள் கழுத்தில் நீலத் துண்டோடு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். ஐரோப்பியப் போட்டி ஆடிய கிளப்பின் உறுப்பினர்கள் அவர்கள். ஆறாம் நிலை ஆட்டத்தில் ஒரு த்ரோ-இன் தவறாகப் போனதற்கு நடுவரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

அதே வாரங்களில் ஜாமோரில் முதல் டிவிஷன் ஆட்டம் நடக்கும். தொலைக்காட்சியில் கேமரா திரும்புகிற பக்கமெல்லாம் காலி இருக்கை.

பிறகு நடந்ததை உங்கள் கட்டுரையாளர் ஒரு வரி கூட எழுதவில்லை. நான் கோபப்படுவதற்கு முக்கியக் காரணம் இதுதான். 2018–19-ல் தொடங்கி ஐந்து பருவம், ஐந்து முறை மேலேற்றம். ஆறாம் நிலையிலிருந்து 2023-ல் இரண்டாம் டிவிஷன் (இடையில் 2021-ல் புதிதாக ஒரு மூன்றாம் நிலை லீக் நுழைந்ததால் ஏற வேண்டிய படி ஒன்று கூடியது). அதே 2023-ல் பெ-சாட் இரண்டாம் டிவிஷனிலிருந்து கீழே விழுந்தது. ஏறுகிறவரும் இறங்குகிறவரும் நடுப்படியில் பார்த்துக்கொண்டதுபோல் ஆனது. கிளப்பின் கதை முடிந்ததாக நீங்கள் எழுதிய 2022-க்கு அடுத்த ஆண்டுதான் எங்கள் ஊரில் மக்கள் தெருவில் இறங்கிக் கொண்டாடினார்கள். இரண்டாம் டிவிஷனில் ஒரு பருவம்தான் தாக்குப் பிடித்தோம், 2024-ல் மறுபடி மூன்றாம் நிலைக்கு வந்துவிட்டோம். அதையும் எழுதுங்கள், மறைக்கச் சொல்லவில்லை.

இனி, நீங்கள் இரண்டு வரியில் கடந்துபோன நூறு ஆண்டு. "ஒரு காலத்தில் சாம்பியன்" என்ற மூன்று சொல்லுக்குள் என்னவெல்லாம் அடைபட்டுக் கிடக்கிறது என்று கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள்.

பெலேம் லிஸ்பனின் மேற்கு ஓரத்து ஆற்றங்கரைப் பேட்டை. 1904-ல் பென்ஃபிகாவின் தொடக்கமே இங்கேதான், பெலேம் தெருவில் ஒரு மருந்துக்கடையில். நான்கே ஆண்டில் அது பென்ஃபிகா பகுதிக் கிளப் ஒன்றோடு இணைந்து பெயர் மாறி, ஊர் மாறிப் போய்விட்டது. பெலேம் பையன்கள் மற்ற பேட்டைகளின் கிளப்களுக்கு ஆடப் போனார்கள். அவர்களில் பெரிய கை ஆர்தூர் ஜோசே பெரைரா. பென்ஃபிகாவில் ஆடினார், 1914-ல் ஸ்போர்டிங்குக்கு மாறினார், கடைசியில் "நம் பேட்டைக்கு நமக்கென்று ஒரு கிளப்" என்று ஆட்களைத் திரட்டி 1919 செப்டம்பர் 23-ல் பெலெனென்செஸைத் தொடங்கினார். எங்கள் தூத்துக்குடியில் பெரைரா, மச்சாடோ, பர்னாந்து என்ற பெயரெல்லாம் தெருவுக்குத் தெரு கேட்கும் என்பதால் இந்தக் கதையை முதலில் கேட்டபோதே நிறுவியவர் பெயர் மனதில் ஒட்டிக்கொண்டது.

சின்னத்தில் இருப்பது கிறிஸ்து சபைச் சிலுவை. 1497-ல் வாஸ்கோட காமா கப்பல் ஏறியது இந்த ரெஸ்தெலோ கரையிலிருந்துதான், பாய்மரத்தில் இருந்ததும் இதே சிலுவைதான். அந்தச் சிலுவையோடு வந்தவர்கள் நம் கடற்கரைகளில் செய்ததெல்லாம் நல்ல காரியம் இல்லை. அதற்கு வேறு மடல் வேண்டும்.

லீக் என்ற ஒன்று வருவதற்கு முன்பு போர்ச்சுகலின் சாம்பியன் யார் என்று நாக்-அவுட் போட்டி நடத்தித் தீர்மானித்தார்கள். அதை 1927, 1929, 1933 என மூன்று முறை பெலெனென்செஸ் வென்றது. அந்தக் காலத்து நாயகன் பெப்பே. முழுப்பெயர் ஜோசே மனுவேல் சொவாரெஸ். பேட்டைப் பையன், ஏழை வீடு, இருபது வயதில் 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் போர்ச்சுகலுக்கு ஆடியவர். 1931 அக்டோபரில், இருபத்துமூன்று வயதில், விஷமாகிப்போன வீட்டுச் சாப்பாட்டால் இறந்தார். சமையலில் காஸ்டிக் சோடா தவறிக் கலந்துவிட்டது என்பார்கள். ரெஸ்தெலோவில் அவருக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. போர்ட்டோ அணி இங்கே ஆட வந்தால் அதற்கு மலர் வைத்துவிட்டுத்தான் ஆடும், அது பழைய வழக்கம். அந்த நினைவுச்சின்னத்தை யாரும் ஜாமோருக்குத் தூக்கிக்கொண்டு போகவில்லை.

அடுத்தது 1938 ஜனவரி 30. இதை எழுதாமல் பெலெனென்செஸின் வரலாறு எழுத முடியாது என்பது என் கட்சி. ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருக்கிறது. போர்ச்சுகலில் சலசாரின் சர்வாதிகாரம். ஃபிராங்கோ தரப்பு ஸ்பெயின் அணியோடு போர்ச்சுகல் ஆடுகிறது, இடம் எங்கள் பழைய சலேசியாஸ் மைதானம். ஆட்டத்துக்கு முன் இரு அணியும் வலக்கையை நீட்டி பாசிச வணக்கம் வைக்க வேண்டும். போர்ச்சுகல் அணியில் இருந்த மூன்று பெலெனென்செஸ் ஆட்டக்காரர்கள் வைக்கவில்லை. ஆர்தூர் குவாரெஸ்மா கையை இடுப்போடு தொங்கவிட்டு நின்றார். மரியானோ அமாரோவும் ஜோசே சிமோயெஸும் முஷ்டியை மடக்கிக் காட்டினார்கள். மூவரையும் ரகசியப் போலீஸ் கூட்டிக்கொண்டு போய் விசாரித்தது. பிறகு விட்டார்கள். ரிக்கார்டோ குவாரெஸ்மாவைத் தெரியும் அல்லவா, காலின் வெளிப்புறத்தால் பந்தை வளைத்து அடிப்பாரே, அவருடைய தாத்தாவின் தலைமுறைச் சொந்தக்காரர்தான் இந்த ஆர்தூர். நம் யூடியூப் நண்பர்கள் பேரனைப் பற்றி எத்தனையோ காணொளி போட்டிருக்கிறார்கள். இவரைப் பற்றி நான் பார்த்தவரை ஒன்று கூட இல்லை.

கை நீட்ட மறுத்த மூவரில் இருவர், அமாரோவும் குவாரெஸ்மாவும், எட்டு ஆண்டுக்குப் பிறகு சாம்பியன் ஆனார்கள். 1945–46 பருவம். பயிற்சியாளர் அகுஸ்தோ சில்வா, அவரும் 1928 ஒலிம்பிக் அணிக்காரர். கோல்கீப்பர் கப்பேலாவையும் தடுப்பில் நின்ற வாஸ்கோ, ஃபெலிசியானோவையும் "பெலேம் கோபுரங்கள்" என்று ஊர் கூப்பிட்டது. 22 ஆட்டம், 18 வெற்றி, 2 டிரா, 2 தோல்வி. அப்போது வெற்றிக்கு இரண்டு புள்ளி, ஆக 38. பென்ஃபிகாவுக்கு 37. கடைசிச் சுற்றில் ஸ்பெயின் எல்லையோரத்து எல்வாஷ் ஊருக்குப் போய் ஜெயித்தால்தான் பட்டம் என்ற நிலை. 2–1 என்று ஜெயித்தார்கள். எங்கள் கேலரியில் என் பக்கத்து இருக்கைப் பெரியவருக்கு அந்த ஆட்டம் நடந்தபோது விவரம் தெரியாத வயது. ஆனால் அவர் அப்பா எல்வாஷுக்குப் போனவர். ரயில் எத்தனை மணிக்குக் கிளம்பியது என்பதிலிருந்து எல்லாம் ஒப்பிப்பார், தானே போய் வந்த மாதிரி.

இந்தப் பட்டத்தின் எடை என்ன என்று கேட்டால், போர்ச்சுகல் லீக்கை இதுவரை ஐந்தே கிளப்கள்தான் வென்றிருக்கின்றன. பென்ஃபிகா, போர்ட்டோ, ஸ்போர்டிங் என்ற மூன்று பெரியவர்களுக்கு வெளியே முதலில் வென்றது நாங்கள். அடுத்தவர் போவாவிஷ்டா, அதுவும் 2000–01-ல்தான். இடையில் ஐம்பத்தைந்து ஆண்டு. அந்தப் பட்டத்தின் மதிப்பு அன்று வெளியூருக்கும் தெரிந்திருந்தது. 1947 டிசம்பர் 14 அன்று ரியல் மாட்ரிட் தன் புது மைதானத்தைத் திறந்தபோது எதிரணியாக அழைத்தது பெலெனென்செஸைத்தான். மாட்ரிட் 3–1 என்று ஜெயித்தது. இன்று நீங்கள் பெர்னபேயு என்று பெருமையாகச் சொல்கிறீர்களே, அந்த மைதானம்தான்.

இரண்டாவது பட்டம் நான்கு நிமிடத்தில் கைநழுவியது. 1955 ஏப்ரல் 24, சலேசியாஸ், கடைசிச் சுற்று, எதிரணி ஸ்போர்டிங். 2–1 என்று முன்னிலை. முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது ஸ்போர்டிங்கின் மார்ட்டின்ஸ் சமன் செய்தார். நாங்களும் பென்ஃபிகாவும் ஒரே புள்ளி, இருவருக்கும் இடையிலான ஆட்டங்களின் கணக்கில் பட்டம் பென்ஃபிகாவுக்கு. அதே மார்ட்டின்ஸ்தான் அந்த ஆண்டு செப்டம்பரில் ஐரோப்பியக் கோப்பையின் வரலாற்றில் முதல் கோலை அடித்தார். அடித்த இடம் ஜாமோர். அந்த மைதானத்துக்கும் எங்களுக்கும் ராசியே இல்லை போலிருக்கிறது.

1955-ல் அப்படித் தோற்ற அணியில் இருந்தவர் மத்தத்தேயு. மொசாம்பிக்கின் லோரென்சோ மார்க்கெஸ், இன்றைய மபுட்டோ நகரத்துக்காரர். 1951-ல் பெலேமுக்கு வந்தார், அதே ஊரிலிருந்து, பின்னாளில் போர்ச்சுகலின் பெரிய நட்சத்திரமான யூசேபியோ லிஸ்பனில் இறங்குவதற்கு ஒன்பது ஆண்டு முன்பே. 1952–53-லும் 1954–55-லும் லீக்கில் அதிக கோல் அடித்தவர் அவர்தான், இரண்டாம் முறை 32 கோல். காலனி நாட்டுக் கறுப்பு இளைஞன் ஒருவனை லிஸ்பன் ஞாயிற்றுக்கிழமை தோறும் தலையில் தூக்கிவைத்து ஆடியது. மற்ற நாட்களில் அவன் நாட்டை என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துத்தான் அந்தக் காலத்தை எழுத வேண்டும். அவர் தம்பி விசென்டும் எங்கள் ஆட்டக்காரர்தான். 1966 உலகக் கோப்பையில் போர்ச்சுகல் பிரேசிலை 3–1 என்று வென்ற ஆட்டத்தில் பெலேவைக் காவல் காத்தவர். அதே ஆண்டு சாலை விபத்தில் கண் பாதிக்கப்பட்டு ஆட்டமே முடிந்துபோனது. யூசேபியோ பற்றி எழுதும்போதாவது இந்த அண்ணன் தம்பிக்கு இரண்டு வரி கொடுக்கக் கூடாதா?

மீதியை வேகமாகச் சொல்கிறேன். 1956-ல் நகராட்சி சலேசியாஸை எடுத்துக்கொண்டது, கிளப் குன்றின் மேல் ரெஸ்தெலோவைக் கட்டி அதே ஆண்டு தன் பிறந்தநாளில் திறந்தது. அந்தக் கடன் கிளப்பின் முதுகை வெகுகாலம் அழுத்தியது, என் கணக்கில் பின்னால் வந்த சரிவுக்கெல்லாம் அதுதான் விதை. போர்ச்சுகல் கோப்பை மூன்று முறை, 1942, 1960, 1989. கடைசியாக வென்றது பென்ஃபிகாவை 2–1 என்று. அந்த 1988–89 பருவத்திலேயே யூஃபா கோப்பையின் நடப்பு சாம்பியன் பாயர் லெவர்குசனை இரண்டு ஆட்டத்திலும் 1–0 என்று அடித்து வெளியே அனுப்பினார்கள். முதல் முறை டிவிஷன் இறங்கியது 1982-ல். அதுவரை இறங்கியதே இல்லை.

இவ்வளவையும் ஒரு சாவுச் செய்தியின் முதல் பத்தியாக்கிவிட்டு, கடைசிப் பத்தியில் வேறொருவருடைய ஒன்பது பேரைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறீர்கள். உறுப்பினர்கள் வழக்கு நடத்தி மீட்டுக்கொண்ட சின்னத்தை, அவர்கள் எந்த அணியிடமிருந்து மீட்டார்களோ அதே அணியின் படத்துக்கு மேல் ஒட்டியிருக்கிறீர்கள். இதைக் கைப்பேசியில் பக்கத்து இருக்கைப் பெரியவரிடம் காட்டினேன். தமிழ் எழுத்து அவருக்கு என்ன தெரியும்? படத்தையும் சின்னத்தையும் பார்த்தார். "உங்கள் ஊரிலுமா?" என்று மட்டும் கேட்டார்.

ஆகவே நான் கேட்பவை இவை. அந்தக் கட்டுரையிலிருந்து எங்கள் சின்னத்தை அல்லது அந்தப் படத்தை நீக்குங்கள், இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கக் கூடாது. 2018 ஜூலை முதல் ஜாமோர் அணி ஆடிய ஆட்டங்களை, அந்த ஒன்பது பேர் ஆட்டம் உட்பட, பெ-சாட் என்ற பெயரிலேயே எழுதுங்கள். பழைய கட்டுரைகளில் பெலெனென்செஸ் என்று இருந்தால் திருத்தி, திருத்திய தேதியைக் கீழே போடுங்கள். "அழிந்த கிளப்" என்ற சொல்லை எடுத்துவிட்டு, ஆறாம் நிலையில் தொடங்கி ஐந்து முறை மேலேறியதையும் இப்போது எந்த டிவிஷனில் ஆடுகிறது என்பதையும் சேருங்கள். போர்ச்சுகல் லீக் என்றால் மூன்று பேர்தான் என்று காணொளிகளில் சொல்லும்போது 1946-ஐயும் 2001-ஐயும் விடாமல் சொல்லுங்கள். இனி எந்த நாட்டிலாவது கிளப்பும் நிறுவனமும் பிரிந்து சண்டையிட்டால், செயலியில் இருக்கிற பெயரை அப்படியே எடுக்காமல், அந்த கிளப்பின் உறுப்பினர் ஒருவரையாவது கேட்டுவிட்டு எழுதுங்கள்.

எந்தத் தகவலைச் சரிபார்க்க வேண்டுமானாலும் உதவுகிறேன். போர்த்துகீசிய நாளிதழ்களில் தேடித் தருவேன், ரெஸ்தெலோவில் படம் எடுத்து அனுப்புவேன், காசு வேண்டாம். திருத்தம் வெளியானதும் அதன் இணைப்பை எனக்கு அனுப்பிவையுங்கள், அடுத்த ஆட்டத்தன்று பெரியவருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
பெலெனென்செஸ் உறுப்பினன், தூத்துக்குடிக்காரன்
லிஸ்பன்